போட்டி ரைபிளோடு வெளியூர்ப் பயணம்: எந்தப் பெட்டியை வாங்குவது?

கிருஷ்ணகிரியைச் சேர்ந்த ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்விக்கு இது பதில். அவருடைய மகளுக்கு 22 வயது; .22 ரைபிளில் 50 மீட்டர் போட்டிகளில் சுடுகிறார். லைசென்ஸும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இதுவரை பக்கத்து மாவட்டப் போட்டிகளுக்குத் துணி உறையில் வைத்துக் காரில் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். இந்தக் குளிர்காலத்தில் பெங்களூரிலிருந்து விமானத்தில் தில்லிக்குப் போகவேண்டியிருப்பதால் ஒரு ஹார்டு கேஸ் வாங்க நினைக்கிறார்கள். ரைபிளின் நீளம் 112 செ.மீ., எடை 6 கிலோவுக்குச் சற்று மேல் என்று அளந்தே எழுதியிருக்கிறார். எந்தப் பொருளில் செய்த பெட்டி, என்ன நீளம், என்ன பூட்டு என்று கேட்டுவிட்டு, வீட்டில் உள்ள தாத்தா காலத்து .315 வேட்டைத் துப்பாக்கியையும் அதே பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்நீளம் 122 செ.மீ.க்குக் குறையாத, ஒரே ஒரு ரைபிளுக்கான, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்த பெட்டியை வாங்குங்கள். அதில் பூட்டுத் துளைகள் குறைந்தது நான்கு இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஃபோமை மகளின் ரைபிளுக்கென்றே வெட்டிக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற கம்பெனியா என்பது இவற்றுக்கெல்லாம் அடுத்த கேள்விதான். பெட்டி செய்யவேண்டிய வேலை இரண்டு: உள்ளே ரைபிள் ஒரு துளியும் அசையக்கூடாது, மகளைத் தவிர வேறு எவராலும் பெட்டியைத் திறக்க முடியக்கூடாது. விலை, நிறம், சக்கரம், பிடி எல்லாவற்றையும் இந்த இரண்டோடு வைத்துப் பார்த்தால் கடையில் குழப்பம் வராது.

நீளத்திலிருந்து தொடங்கலாம். விற்பனையாளர்கள் பெரும்பாலும் பெட்டியின் வெளி அளவைத்தான் முதலில் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது உள் அளவு. விமான நிலையத்தில் நீளமான பெட்டி எப்போதும் படுத்த வாக்கிலேயே பயணம் செய்வதில்லை. சுமைதூக்குபவர் அதைச் செங்குத்தாக நிறுத்துவார், அது சாயும், முனைப் பக்கமாகத் தரையில் விழும். அந்த அடி நேராகக் குழலின் வாய்க்கோ, தோளில் பதியும் கட்டையின் பின்தகட்டுக்கோ போகும். ஆகவே இரு முனைகளிலும் 5 செ.மீ. ஃபோமாவது இருந்தாக வேண்டும். 112-உடன் 10-ஐக் கூட்டினால் கிடைப்பதுதான் நான் மேலே சொன்ன 122. பெலிக்கன் 1750 என்ற பெட்டியின் உள்நீளம் ஏறத்தாழ 128 செ.மீ., அகலம் 34, ஆழம் 13. உங்கள் ரைபிள் அதில் வசதியாகப் படுக்கும். அதே கம்பெனியின் 1720 ஏறத்தாழ 107 செ.மீ. உள்நீளம் கொண்டது, அது முழு ரைபிளுக்குப் போதாது. அகலத்தையும் ஆழத்தையும் மறந்துவிடாதீர்கள். போட்டி ரைபிளின் கன்னத்தாங்கி, கைப்பிடி, பின்தகட்டின் கொக்கி ஆகியவை சாதாரண வேட்டைத் துப்பாக்கியில் இல்லாத அளவுக்குப் பக்கவாட்டில் நீண்டு நிற்கும். வேட்டைத் துப்பாக்கியை மனத்தில் வைத்துச் செய்த ஒல்லியான பெட்டிகள் பல, நீளம் சரியாக இருந்தும், மூடும்போது கைப்பிடியில் இடிக்கும். ரைபிளைத் தரையில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் கிடத்தி, பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தத் தாளையே கடைக்கு எடுத்துச் செல்வதுதான் நான் கண்ட எளிய வழி.

ரைபிளைக் கழற்றி, குழலையும் கட்டையையும் தனித்தனியாக வைத்தால் பெட்டி சிறியதாகுமே என்று பலர் கேட்பதுண்டு. உண்மைதான், கட்டையிலிருந்து எடுத்த குழலும் இயங்குபகுதியும் சேர்ந்து ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் போட்டிக்கு முதல் நாள் அறையில் உட்கார்ந்து கட்டையின் திருகுகளை மீண்டும் முடுக்கும்போது, முன்பிருந்த அதே முறுக்கு விசையில் முடுக்காவிட்டால், குண்டு விழும் இடம் நகர்ந்துவிடும். அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருந்து, தன் ரைபிளுக்கான விசை என்ன என்று தெரிந்து, போய்ச் சேர்ந்த பிறகு பயிற்சிச் சுற்றும் கிடைக்கும் என்று உறுதியாக இருப்பவர் கழற்றலாம். மற்றவர்கள் முழு ரைபிளாகவே கொண்டுபோவது நல்லது. குறிபார்க்கும் கருவிகளில் பின்னால் இருக்கும் பின்சைட்டை மட்டும் கட்டாயம் கழற்றி, தனியான சிறு டப்பாவில் வைத்து, அந்த டப்பாவுக்கும் ஃபோமில் ஒரு குழி வெட்டிவிடுங்கள். சைட் பொருந்தும் தண்டவாளத்தில் அது எந்தக் கோட்டில் நின்றது என்று குறித்துக்கொண்டு கழற்றினால் திரும்பப் பூட்டுவது எளிது.

எடைக் கணக்கு பலரையும் விமான நிலையக் கவுண்ட்டரில்தான் திடுக்கிட வைக்கிறது. 1750 போன்ற பெட்டி ஃபோமோடு சேர்ந்து ஏறக்குறைய 12 கிலோ. அதில் உங்கள் ரைபிளும் பூட்டுகளும் சைட் டப்பாவும் சேர்ந்தால் 19 கிலோவைத் தொடும். உள்நாட்டு விமானங்களில் சாதாரணப் பயணிக்கு இலவசமாக அனுமதிக்கும் சாமான் பெரும்பாலும் 15 கிலோ. மகளின் சுடும் கோட்டு, கால்சட்டை, காலணி எல்லாம் இன்னொரு பையில் வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மேலும் அந்தப் பெட்டியின் வெளி நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 190 செ.மீ. வருகிறது, பல விமானக் கம்பெனிகள் வழக்கமான சாமானுக்கு வைத்திருக்கும் 158 செ.மீ. வரம்பை அது தாண்டிவிடும். ஆக, கூடுதல் எடைக்கும் கூடுதல் அளவுக்கும் பணம் கட்டவேண்டி வரலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பயணச்சீட்டு எடுக்கும்போதே கூடுதல் எடையை முன்பதிவு செய்தால் செலவு குறையும். எடையை மிச்சப்படுத்த மெல்லிய பெட்டியை வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே 12 கிலோப் பெட்டியில் துணிமணிகளையும் திணித்து ஒரே சாமானாக்கிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே ரைபிளும் அதன் உதிரிகளும் மட்டும் தெரிந்தால் சோதனை சீக்கிரம் முடியும்.

பெட்டியின் உடலுக்கு வருகிறேன். சந்தையில் கிடைப்பவை மூன்று வகை. மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்து, உள்ளே முட்டைத்தட்டு வடிவ ஃபோம் ஒட்டிய மலிவுப் பெட்டிகள் காரின் பின்புறத்தில் வைத்து ஊருக்குள் எடுத்துப்போகப் போதும். விமானத்துக்கு அவை வேண்டாம். அவற்றை மூடி, ஒரு முனையைக் கையால் முறுக்கிப் பார்த்தால் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே விரல் நுழையும். அலுமினியப் பெட்டிகள் பார்க்க அழகாக இருக்கும். நல்ல தடிமனான தகட்டில், மூலைகளைப் பற்றவைத்துச் செய்தவை உறுதியானவையே. ஆனால் நம் கடைகளில் அதிகம் கிடைப்பவை மெல்லிய தகட்டை மரப்பலகையின் மேல் ஒட்டி, விளிம்பில் ரிவிட் அடித்தவை. ஒரு முறை மூலையில் அடிபட்டால் சட்டம் கோணிவிடும். அதன் பிறகு கொண்டியும் கொளுவியும் நேருக்கு நேர் வராது. பாலிப்ரொப்பிலீன் அடிபட்டால் சற்று வளைந்து மீண்டும் தன் நிலைக்கு வரும், வெயிலிலும் குளிரிலும் எளிதில் விரிசல் விடாது, துருப்பிடிக்காது. அதனால்தான் அதைச் சொன்னேன். ஊர்த் தச்சரிடம் பிளைவுட்டில் செய்துகொள்ளலாமா என்று தருமபுரி பக்கத்தில் சிலர் கேட்பதுண்டு. ரயிலுக்கும் வீட்டில் வைப்பதற்கும் அது மோசமில்லை, ஆனால் போதிய உறுதியோடு செய்தால் எடை 15 கிலோவைத் தாண்டிவிடும், விமானத்தில் கட்டுப்படியாகாது.

கீலையும் கொண்டியையும் கடையிலேயே சோதியுங்கள். கீலின் ஊசி வெளியே தெரிந்து, ஓர் ஆணியை வைத்துத் தட்டினால் நழுவி வந்துவிடும் என்றால், முன்பக்கத்தில் எத்தனை பூட்டு போட்டும் பயனில்லை. கொண்டிகள் பெட்டியின் உடலுக்குள் பதிந்திருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் கொண்டி சாமான் பட்டையில் எங்காவது மாட்டிப் பிய்ந்துவிடும். நீளமான பெட்டிக்கு ஒரு முனையில் சக்கரமும் மறுமுனையில் பிடியும் இருந்தால் உதவியாக இருக்கும், குறிப்பாகத் தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு. ஆனால் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிராமல் உள்வாங்கியே இருக்கவேண்டும்.

இனி பூட்டு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல பெட்டியை வாங்கிவிட்டு இரண்டே பூட்டோடு அனுப்புகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீளமான பெட்டியில் நடுவில் இரண்டு பூட்டை மட்டும் போட்டால், இரு மூலைகளும் கொண்டிகளை மட்டுமே நம்பி நிற்கும். கொண்டியைத் திறந்துவிட்டு மூலையைத் தூக்கினால் பெட்டி வளைந்து கொடுக்கும். கையை உள்ளே விடும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். விமான நிலையப் பணியாளர் ஒருவர் அந்த இடைவெளியைக் காட்டி, பெட்டியை ஏற்றுக்கொள்ள மறுத்துவிடவும் கூடும், அவர் மறுப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே எத்தனை துளை இருந்தாலும் அத்தனையிலும் பூட்டு தொங்க வேண்டும். துளையைச் சுற்றி எஃகு வளையம் பதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் துளை என்றால் ஒரு திருப்புளியை விட்டு நெம்பினாலே கிழிந்துவிடும்.

பூட்டின் வளைகம்பி துளைக்கு ஏற்ற தடிமனில், கூடியவரை துளையை நிரப்பும்படியும், கட்டையாகவும் இருப்பது நல்லது. நீண்ட வளைகம்பிக்குள் ஒரு கம்பியை நுழைத்து நெம்ப இடம் கிடைக்கும். நம் ஊர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் பூட்டின் மேல் உள்ள நம்பிக்கை நியாயமானதுதான், ஆனால் வீட்டுக் கதவுக்கான பூட்டின் கம்பி பெரும்பாலும் இந்தத் துளைகளில் நுழையாது. வாங்கும் முன் துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நான்கு பூட்டையும் ஒரே சாவியில் திறக்கும்படி ஒரே தொகுப்பாக வாங்கினால், சோதனை மேசையில் சாவிக்கொத்தைத் தேடித் தடுமாற வேண்டியிருக்காது. டிஎஸ்ஏ முத்திரை போட்ட சூட்கேஸ் பூட்டுகளை இதற்கு வாங்க வேண்டாம். அவை அமெரிக்கப் பாதுகாப்பு ஊழியர்கள் தங்கள் மாஸ்டர் சாவியால் திறப்பதற்கென்றே வந்தவை. அந்த மாஸ்டர் சாவிகளின் படம் 2015-லேயே வெளியாகி, யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கும் நிலை வந்துவிட்டது. அமெரிக்க விதியே கூட, துப்பாக்கிப் பெட்டியின் சாவி பயணியிடம் மட்டுமே இருக்கவேண்டும் என்கிறது. சாவி மகளின் உடைப் பையில் இருக்கட்டும். மாற்றுச் சாவி அவரோடு வருகிற பயிற்சியாளரிடம் வேண்டாம், வீட்டில் உங்களிடம் இருக்கட்டும்.

பெட்டியின் மேல் துப்பாக்கிக் கம்பெனியின் ஸ்டிக்கரோ, சங்கத்தின் இலச்சினையோ ஒட்ட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கவுண்ட்டரில் இருப்பவருக்கும் காவலருக்கும் தெரிந்தால் போதும். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்று உள்ளேயும், தொலைபேசி எண் மட்டும் உள்ள அட்டை வெளியேயும் இருக்கட்டும்.

ஃபோமுக்கு நான் பூட்டுக்கு நிகரான கவனம் கொடுப்பேன். பெட்டியோடு வருவது பெரும்பாலும் சிறு சிறு கட்டங்களாகப் பிய்த்தெடுக்கும் மென்மையான ஃபோம். முதல் சில பயணங்களுக்கு அது நன்றாகத்தான் இருக்கும். பிறகு 6 கிலோ ரைபிளின் எடையில் கட்டங்கள் தளர்ந்து, ரைபிள் உள்ளே ஆடத் தொடங்கும். அதைவிட முக்கியமாக, அந்த வகை ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழையில் நனைந்த கோட்டுத் துணியிலிருந்து ஒழுகிய சில துளி நீர் போதும், குழலின் கீழ்ப்பக்கத்தில் ஃபோம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு பிடிக்க. மூடிய கண்ணறைகள் கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம் விலை கூடுதல், கையில் சற்று விறைப்பாக இருக்கும், ஆனால் நீரைக் குடிக்காது, பல ஆண்டு உருவம் மாறாது. ஓசூர் தொழிற்பேட்டைகளில் இயந்திர உதிரிகளைப் பொதிவதற்கு இதே ஃபோமை வெட்டிக் கொடுக்கும் பொதிகட்டும் கடைகள் இருக்கின்றன. செய்தித்தாளில் வரைந்த உருவத்தைக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். வெட்டும்போது ரைபிளின் தடிமனில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக அடி ஃபோமில் அமரவேண்டும், மீதியை மூடியில் உள்ள ஃபோம் அழுத்திப் பிடிக்கவேண்டும். சுடும் விசைக்கும் (டிரிக்கர்) முன்சைட்டுக்கும் எதிரே ஃபோமைச் சற்றுக் கூடுதலாகக் குடைந்து, அவற்றின் மேல் எந்த அழுத்தமும் விழாமல் செய்யுங்கள். எடையைத் தாங்கவேண்டியது குழலின் தடித்த பகுதியும் கட்டையின் அடியும்தான். கட்டையின் கழுத்து, அதாவது கை பிடிக்கும் மெலிந்த இடம், மரக்கட்டையில் எப்போதும் முதலில் உடையும் இடம். அங்கே இரு பக்கமும் ஃபோம் ஒட்டி நிற்கவேண்டும். வெட்டி முடித்தபின் அந்தப் பெட்டியில் ரைபிளை மட்டும் வைத்துப் பூட்டி, வீட்டில் தரையில் நிறுத்தி, பக்கத்துக்குப் பக்கம் மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எந்தச் சத்தமும் கேட்கக்கூடாது.

போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் உருளையை, ரைபிளிலிருந்து எடுத்து, அதே பெட்டியில் தனிக் குழியில் வையுங்கள். தோட்டா அமரும் அறை காலி என்பதை எவரும் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ளும்படி, ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியை அறைக்குள் செருகிவிடுங்கள். போல்ட்டையோ வேறு எந்த உதிரியையோ கைப்பையில் கொண்டுபோவது கூடாது. சிறிய பொருள்தானே என்று பையில் போட்டால் விமானத்துக்குள் போகும் வழியில் நிறுத்திவிடுவார்கள். 10 மீட்டர் ஏர் ரைபிளோடு பயணம் செய்பவர்களுக்கு இதே அறிவுரையுடன் இன்னொன்று: சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றி, மானி பூஜ்யத்தைக் காட்டும்படி தனியாக வைக்கவேண்டும். போட்டி நடக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ள வசதி இருக்கும்.

தில்லிக் குளிருக்காக ஒரு வார்த்தை. நல்ல பெட்டிகளில் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையமும், காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் சிறு வால்வும் இருக்கும். வால்வு இல்லாமல் இறுக்கமாக மூடிய பெட்டி, விமானம் இறங்கிய பிறகு வெளிக் காற்றழுத்தத்தால் இறுகி, திறக்கவே வராமல் போகலாம். இங்கிருந்து வெதுவெதுப்பான, ஈரக் காற்று நிரம்பிய பெட்டியை மூடிக்கொண்டு போய், அங்கே டிசம்பர் விடியலில் குளிர்ந்துபோன ரைபிளைச் சூடான அறையில் உடனே திறந்தால், உலோகத்தின் மேல் நீர் வியர்க்கும். அறையில் பெட்டியை மூடியபடியே சில மணி நேரம் வைத்து, உள்ளிருப்பதும் அறையின் சூட்டுக்கு வந்தபிறகு திறக்கச் சொல்லுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போட்டுவைத்தால் நல்லது. வீடு திரும்பியதும் ரைபிளைப் பெட்டிக்குள்ளேயே விட்டு வைக்கக்கூடாது. மாதக்கணக்கில் மூடிய பெட்டி ஈரத்தைப் பூட்டி வைக்கும் இடமாகிவிடும். ரைபிள் இரும்பு அலமாரிக்குள் போகட்டும், பெட்டி ஒரு நாள் திறந்தபடி காயட்டும்.

தோட்டாக்களை ரைபிள் பெட்டியில் வைக்காமல், கம்பெனி அட்டைப் பெட்டிகளோடு ஒரு சிறிய கெட்டிப் பெட்டியில் பூட்டி, பதிவு செய்யும் சாமானில் சேர்ப்பதே இங்கே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி ஒரு பயணிக்குப் பொதியோடு சேர்த்து 5 கிலோ வரை, சொந்த உபயோகத்துக்கான தோட்டாக்களை அனுமதிக்கிறது. இருவருடைய அளவை ஒரே பொதியில் சேர்க்கக்கூடாது என்றும் சொல்கிறது. .22 தோட்டாக்கள் 500 எடுத்தாலும் 2 கிலோவை ஒட்டித்தான் வரும் என்பதால் அந்த வரம்பு மகளுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் ஒவ்வொரு விமானக் கம்பெனியும் அதைவிடக் குறைவான எண்ணிக்கையைத் தன் விதியாக வைத்துக்கொள்ளலாம். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, ஆயுதம் ஒன்று, தோட்டா இத்தனை, பெட்டியின் அளவு இவ்வளவு, எடை இவ்வளவு என்று எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேலம் விமான நிலையம் உங்களுக்கு நெருக்கமாகத் தோன்றலாம். அங்கே வந்துபோகும் சிறிய ஏடிஆர் விமானங்களில் 135 செ.மீ. நீளப் பெட்டியை ஏற்றிக்கொள்வார்களா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். புறப்படும் நாளில் மூன்று மணி நேரம் முன்பாகவே போய், கவுண்ட்டரில் முதல் வாக்கியமாக ஆயுதம் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். அசல் லைசென்ஸ், அதன் நகல்கள், போட்டிக்கான அழைப்புக் கடிதம், சங்க உறுப்பினர் அட்டை ஆகியவை ஒரே கோப்பில் இருந்தால் வேலை எளிதாக முடியும்.

பெட்டியை விட்டுச் சற்று விலகுவதுபோல் தோன்றினாலும், இந்த மாவட்டத்திலிருந்து புறப்படுபவர்களுக்கு மட்டும் உரிய இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடமுடியாது. கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகும் கார், அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைத் தாண்டுகிறது. லைசென்ஸில் ‘செல்லுபடியாகும் பகுதி’ என்ற இடத்தில் தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே மகள் அதன் எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். இந்தியா முழுவதும் என்று இல்லையானால், ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பகுதியை விரிவாக்கிய பிறகே பயணச்சீட்டு எடுங்கள். இரண்டாவது, காட்டு வழி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் பெரும்பகுதி 2014 முதல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது என்கிறது. பெட்டி பூட்டியிருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, போட்டிக்குத்தான் போகிறோம் என்பவை சோதனைச்சாவடியில் உங்களைக் காக்காது. போகும் வழியில் ஒகேனக்கல்லைப் பார்த்துவிட்டு அஞ்செட்டி வழியாக ஓசூர் போகலாம் என்ற எண்ணம் ரைபிள் வண்டியில் இருக்கும் நாளில் வேண்டாம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே போங்கள். தேர்தல் அறிவிப்பு வந்திருக்கும் காலமென்றால், ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்திருக்கிறதா, போட்டியாளருக்கு அதில் விலக்கு உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயிலில் போக நேர்ந்தால், இதே பெட்டி கீழ்ப் படுக்கைக்கு அடியில் நீளவாக்கில் நுழைந்துவிடும். அங்கே சங்கிலி மாட்டுவதற்கென்று வளையங்கள் இருக்கின்றன. பெட்டியின் ஒரு பூட்டுத் துளை வழியாக எஃகுக் கயிற்றைச் செலுத்தி வளையத்தில் பூட்டிவிடலாம். ஆகவே மகளுக்குக் கீழ்ப் படுக்கையே கிடைக்கும்படி முன்பதிவு செய்யுங்கள், சரக்குப் பெட்டியில் ஏற்ற வேண்டாம். பெங்களூரிலிருந்து கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் ஆகும்; கூட ஒருவர் இருந்தால்தான் மாறி மாறி எழுந்து போய்வர முடியும். காரில் போகும்போது மதிய உணவுக்கு நிறுத்தினால், ஒருவர் வண்டியிலேயே இருக்கவேண்டும். கோடையில் வெயிலில் நின்ற காரின் பின்புறத்தில் தோட்டாப் பெட்டியை விட்டுவைப்பதும் கூடாது. சூட்டில் வெடிமருந்தின் சீர்மை கெட்டால் இலக்கில் அது தெரியும்.

கடைசியாகத் தாத்தாவின் .315. அதை இந்தப் பெட்டியில் வைக்க வேண்டாம். இரண்டு ரைபிளுக்கான பெட்டி என்று விற்பவை அகலமாகவும் கனமாகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் 25 கிலோவை நெருங்கும், ஒன்றின் இரும்பு மற்றொன்றின் கட்டையில் உரசும், விமானத்தில் இரண்டு ஆயுதத்துக்கு அனுமதி கேட்கவேண்டி வரும். அதைவிட, ஒருவர் பெயரில் லைசென்ஸ் உள்ள ஆயுதம் இன்னொருவர் பயணத்தில் போகவே கூடாது; .315-இன் லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் அதோடு நீங்கள்தான் போகவேண்டும். வேட்டை இந்நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பதால் அந்தத் துப்பாக்கிக்குத் தொலைதூரப் பயணமும் இல்லை. 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்கும்போது ஆய்வுக்குக் கொண்டுபோவதும், பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள கடைக்குக் கொண்டுபோவதும்தான் அதற்கு வரும் பயணங்கள். அதற்கு ஒரு சாதாரண ஏபிஎஸ் பெட்டியும் இரண்டு பூட்டும் போதும். அதன் மரக்கட்டை பழையதென்றால், கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் ஃபோம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒதுக்கியிருந்த மிச்சப் பணத்தை மகளின் பெட்டிக்கு நல்ல ஃபோமும் டார்க் ரெஞ்சும் வாங்கச் செலவிடுங்கள்.